அம்புலிமாமாவின் வேதாளம்: ஒரு மறுவாசிப்பு

விக்கிரமன்–வேதாளம், அம்புலிமாமா மாத இதழில் பல பத்தாண்டுகள் ஓவியங்களுடன் வெளிவந்த கதைத்தொடர். நள்ளிரவில் சுடுகாட்டு மரத்தில் ஏறி, தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான் விக்கிரமன். பிணத்துக்குள் குடியிருக்கும் வேதாளம் வழிக்களைப்பு தெரியாமலிருக்க ஒரு கதை சொல்கிறது. முடிவில் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசனின் தலை வெடித்துச் சிதறும். சொன்னாலோ மௌனம் கலைந்துவிடும், வேதாளம் பிணத்தோடு மறுபடி மரத்துக்குப் போய்விடும். தமிழில் திருந்திவிட்டதாக நம்பியவர் பழைய புத்திக்குத் திரும்பும்போது வேதாளம் முருங்கை மரம் ஏறியது என்று சொல்லும் வழக்கு இக்கதையிலிருந்து வந்தது.

வாசகனிடம் நேராக ஒரு கேள்வியை நீட்டி, அவன் பங்கெடுப்பதாக உணரவைத்த கதைகளில் தமிழ்ச் சிறுவர்களிடம் இதைப்போல் பரவியது வேறில்லை எனலாம். பக்கத்தின் அடியில் வரும் விடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு யோசித்துப் பார்ப்பது ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டில் உண்மையில் எவ்வளவு இடம் வாசகனுக்கு இருந்தது என்பது மறுவாசிப்பில்தான் தெரியவருகிறது.

இதழும் ஓவியமும்

அம்புலிமாமா 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கப்பட்டது. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் 'அம்புலிமாமா' என்றும் ஒரே சமயத்தில் அதை வெளியிட்டனர். பின்னர் வேறு பல இந்திய மொழிகளுக்கும் சென்றது. தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்ப ராவ் 1952 முதல் 1980இல் மறையும்வரை அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். இதழில் எழுதியவர்களின் பெயர் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. ஆகவே வேதாளக் கதைகளுக்கு ஆசிரியர் யார் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டதே இல்லை. அவை வேதாளம் சொன்ன கதைகள், அவ்வளவுதான்.

பெயர் நின்றது ஓவியருக்கு. 'சங்கர்' என்று கையெழுத்திட்ட கே.சி.சிவசங்கரன் (1924–2020) சென்னை ஓவியக் கல்லூரியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில் பயின்றவர். 1950களின் தொடக்கத்தில் இதழில் சேர்ந்து அறுபதாண்டுகளுக்குமேல் வரைந்தார். மறைவுக்குப்பின் 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. இந்த முகப்புப் படம் மாதாமாதம் மாறாமல் வந்தது. கதை அரண்மனையில் நடக்கலாம், கடலுக்கு அப்பாலுள்ள தீவில் நடக்கலாம். படம் மட்டும் அதே இருட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

இந்த மாறாத படமே தொடரின் வடிவத்தை நிலைநிறுத்தியது என்று சொல்லவேண்டும். கதைகளில் பெரும்பாலானவை நினைவில் நிற்பதில்லை. சிறுவயதில் நூறு வேதாளக் கதைகளை வாசித்தவரிடம் கேட்டால் நான்கைந்தைச் சொல்லமுடிந்தால் அதிகம். ஆனால் அரசன் நடந்துசெல்லும் அந்தச் சித்திரத்தை வாளின் வளைவு உட்பட சொல்லிவிடுவார்கள். 1985இல் ராமானந்த் சாகர் தூர்தர்ஷனுக்காக எடுத்த 'விக்ரம் ஔர் பேதாள்' தொடரைப் பார்த்த தமிழ்க் குழந்தைகளுக்கு இந்தி புரியாவிட்டாலும் கதை புரிந்தது என்றால் அதற்குச் சங்கரின் கோடுகளே காரணம்.

மூலக்கதைகளின் கேள்வி

வேதாளக் கதைகளின் மூலம் வேதாள பஞ்சவிம்சதி, அதாவது வேதாளம் சொன்ன இருபத்தைந்து. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்துக்குள் இக்கதைகள் உள்ளன. அதே நூற்றாண்டைச் சேர்ந்த க்ஷேமேந்திரரும், பின்னர் சிவதாசரும் ஜம்பலதத்தரும் தனித்தனியாக எழுதினர். தமிழில் வேதாளக் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்னரே புழங்கியது. பெஞ்சமின் பாபிங்டன் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்த நூல் 1831இல் வெளிவந்தது. விக்கிரமாதித்தன் கதையின் பெரிய எழுத்துப் பதிப்புகள் திருவிழாக் கடைகளில் விற்கப்பட்டன. அம்புலிமாமா புதிதாக ஒன்றைக் கொண்டுவரவில்லை. திண்ணையில் இருந்த ஒன்றைக் குழந்தைகளின் கைக்குக் கொடுத்தது.

மூலக்கதைகளின் கேள்விகள் எல்லாமே வழக்குகள். ஒரு பெண்ணை மூவர் விரும்புகிறார்கள். அவள் இறந்துவிடுகிறாள். ஒருவன் அவள் சாம்பலின்மேல் படுத்துச் சுடுகாட்டிலேயே தங்கிவிடுகிறான். இன்னொருவன் எலும்புகளைக் கங்கைக்குக் கொண்டுசெல்கிறான். மூன்றாமவன் ஊர்சுற்றி, இறந்தவரை எழுப்பும் மந்திரத்தைக் கற்றுவருகிறான். அவள் உயிர்த்தெழுந்ததும் யாருக்கு மனைவி? உயிர் கொடுத்தவன் தந்தை, எலும்பைக் கரைத்தவன் மகன், சாம்பலைத் தழுவிக் கிடந்தவனே கணவன் என்கிறான் அரசன். பதில் அழகானது. ஒவ்வொருவனின் செயலுக்கும் உறவுமுறைகளிலிருந்து ஒரு பெயரைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் எழுந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வேதாளமும் கேட்பதில்லை.

தலைமாறிய கதையும் அப்படித்தான். காளி கோயிலில் கணவனும் அவன் தோழனும் (சில வடிவங்களில் பெண்ணின் உடன்பிறந்தவன்) தங்கள் தலைகளை அறுத்துக்கொள்கிறார்கள். தேவி அருளால் தலைகளை ஒட்டவைக்கும் பெண் பதற்றத்தில் மாற்றி ஒட்டிவிடுகிறாள். எவன் கணவன்? உடலுக்குத் தலையே பிரதானம், ஆகவே கணவனின் தலையை உடையவனே கணவன் என்று அரசன் ஒரு வரியில் முடித்துவிடுகிறான். இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் எழுத்தாளர்களால் அந்த ஒரு வரியோடு நிற்க முடியவில்லை. தாமஸ் மன் 1940இல் எழுதிய குறுநாவலிலும், கிரீஷ் கர்நாட் 1971இல் வெளியிட்ட 'ஹயவதனா' நாடகத்திலும் அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்ட பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தலைக்கேற்ப உடல் மெல்ல மாறுகிறது. அவளுடைய ஏக்கம் திரும்பிவருகிறது. இரண்டிலும் முடிவு சாவு. வேதாளத்தின் கேள்விக்கு இலக்கியத்தில் எழுதப்பட்ட சிறந்த பதில்கள் அரசனின் பதிலை ஏற்காதவர்கள் எழுதியவை.

அம்புலிமாமாவின் கேள்வி

இருபத்தைந்து கதைகளை வைத்துக்கொண்டு ஒரு மாத இதழ் இரண்டாண்டுகளுக்குமேல் ஓட்ட முடியாது. மூலம் தீர்ந்தபின்னும் அம்புலிமாமா பல நூறு வேதாளக் கதைகளை வெளியிட்டது. அவை இதழுக்கென்றே எழுதப்பட்டவை, அல்லது வேறெங்கோ இருந்த நாட்டார்கதைகள் வேதாளத்தின் வாயில் வைக்கப்பட்டவை. வாசகர்கள் இந்த மாற்றத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முன்னுரையும் முடிவுரையும் மாறாமல் இருந்தது காரணமாகலாம்.

உள்ளே முக்கியமான ஒன்று மாறியிருந்தது. மூலத்தில் வேதாளம் 'யார்?' என்று கேட்கிறது. யார் கணவன், யார் பெரியவன், பாவம் யாரைச் சேரும்? அம்புலிமாமாவில் அது பெரும்பாலும் 'ஏன்?' என்று கேட்கிறது. கதையில் ஒருவன் கடைசி நிமிடத்தில் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறான். தவமிருந்து பெற்ற வரத்தை வேண்டாம் என்கிறான். வென்ற இளவரசியை மணக்காமல் ஊர் திரும்புகிறான். துரோகம் செய்தவனுக்கே பதவியைக் கொடுக்கிறான். அது முட்டாள்தனமா, கோழைத்தனமா, ஏன் அப்படிச் செய்தான் என்று வேதாளம் சீண்டுகிறது. அரசன் கதைக்குள் ஏற்கனவே சொல்லப்பட்ட ஒரு சிறு தகவலை எடுத்துக்காட்டி அந்தச் செயலின் நியாயத்தை விளக்குகிறான்.

நீதிபதியாக இருந்த விக்கிரமன் இங்கே விமர்சகனாகிவிடுகிறான். இது அம்புலிமாமாவின் சாதனை. ஒரு மனிதன் வெளிப்பார்வைக்கு முரணாக நடந்தால் அதன் காரணம் முன்பக்கங்களில் எங்கோ கிடக்கிறது, திரும்பிப்போய்த் தேடு என்று அது சொல்லிக்கொடுத்தது. கதையை அவ்வாறு திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பள்ளிப் பாடநூல்கள் கொடுக்கவில்லை. பாடநூல் கதையின் இறுதியில் நீதி இருக்கும். வேதாளக் கதையின் இறுதியில் சந்தேகம் இருந்தது, ஒரு பத்தி அளவுக்கேனும்.

அந்த ஒரு பத்தி போதுமானதா என்பதே இன்று எழும் கேள்வி. அச்சிட்ட இதழில் ஒரு மாதத்துக்கு ஒரு வேதாளம். இன்று பழைய இதழ்களின் மின்படிகளைக் கைபேசியில் திறப்பவர் ஓராண்டின் பன்னிரண்டு வேதாளங்களையும் ஒரே இரவில் வாசித்துவிடுகிறார். அப்போது சூத்திரம் வெளியே துருத்திக்கொண்டு தெரிகிறது. வரத்தை மறுத்தவன் எப்போதும் பெருந்தன்மையால் மறுத்தவன். மணத்தை மறுத்தவள் எப்போதும் முன்யோசனையால் மறுத்தவள். குழப்பத்தால், பயத்தால், காரணமே இல்லாமல் ஒன்றைச் செய்தவர் அந்த உலகில் இல்லை. 'ஏன்?' என்ற கேள்விக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கைவசம் இருந்தால், நான்காவது கதையிலேயே அது கேள்வியாக இல்லாமலாகிறது. தமிழில் இந்தச் சட்டகத்தின் அபத்தத்தை வெகுமுன்னரே கண்டவர் புதுமைப்பித்தன். 'வேதாளம் சொன்ன கதை' என்று ஒரு கதை எழுதி வேதாளத்தையே கேலிக்குரிய பாத்திரமாக்கினார்.

வாசகனின் இடம்

வாசகனைப் பங்கேற்கச் செய்யும் கதைகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2009 ஏப்ரல் 13 அன்று ஆண்ட்ரூ ஹஸ்ஸி அமெரிக்காவில் தொடங்கிய 'ஹோம்ஸ்டக்' என்ற இணையப் படக்கதை அதற்கு அண்மைக்கால உதாரணம். அதில் அடுத்த பக்கத்தில் பாத்திரம் என்ன செய்யவேண்டும் என்று வாசகர்கள் கட்டளை அனுப்பினார்கள். தொடக்கத்திலேயே கதாநாயகனுக்கு ஒரு கேலிப்பெயர் தட்டச்சாகிறது, அது நிராகரிக்கப்படுகிறது, பிறகே அவனுக்கு ஜான் என்ற பெயர் அமைகிறது. வாசகர் கூட்டம் பெருகியபோது கட்டளைகளைப் பெறும் வழி மூடப்பட்டது. கட்டளை வரிகள் மட்டும் ஒரு மரபாக எஞ்சின. அவற்றை எழுதியவர் ஆசிரியரே. எட்டாயிரம் பக்கங்களுக்குமேல் நீண்டு 2016இல் அதே ஏப்ரல் 13 அன்று முடிந்த அக்கதையைத் திரும்ப வாசிப்பவர்கள், தாங்கள் கதையை நடத்தியதாக நினைத்த இடங்களில் கதை தங்களை நடத்தியிருப்பதைக் காண்கிறார்கள். அம்புலிமாமா இவ்வளவு தூரம்கூட வாசகனை உள்ளே விடவில்லை. வாசகனின் கை உண்மையிலேயே இதழுக்குள் சென்ற இடம் வேறு. இரண்டு புகைப்படங்களை அச்சிட்டு, அவற்றுக்குப் பொருந்தும் இணைத் தலைப்புகளை அஞ்சலட்டையில் அனுப்பச் சொல்லும் போட்டி அது. வென்றவர் பெயர் அச்சில் வரும். வேதாளத்தின் பக்கத்தில் வாசகனின் பெயர் ஒருபோதும் வந்ததில்லை.

நாஞ்சில்நாட்டு வாசகர்களுக்கு இந்த வேறுபாட்டை உணர அருகிலேயே ஒரு கதை உண்டு. திருநெல்வேலியிலிருந்து வரும் சாலை மலைகளுக்கிடையே ஆரல்வாய்மொழி கணவாயை நெருங்கும் இடத்தில், காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் உள்ளது. அவ்வழி செல்லும் வண்டியோட்டிகள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுச் செல்வது வழக்கம். இசக்கியின் கதை கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிறது. வேதாளக் கதையைப் போலவே அதிலும் ஒரு காடு, ஒரு பேய், ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு.

பாடலுக்குப் பாடல் பெயர்களும் விவரங்களும் மாறினாலும் கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான். மடியில் தூங்கிய தாசிப்பெண்ணை நகைக்காகக் கல்லால் அடித்துக் கொல்கிறான் அவள் காதலன். பார்த்தது அங்கே நின்ற கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். அவள் நீலியாகிக் காத்திருக்கிறாள். கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் வருகிறாள். இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று ஊர்ப்பெரியவர்களிடம் முறையிடுகிறாள். இவள் பேய் என்கிறான் அவன். வேளாளர் எழுபது பேரும் கூடி விசாரிக்கிறார்கள். குழந்தையை இறக்கிவிட்டபோது அது நேராக அவனிடம் சென்று அப்பா என்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இருவரையும் ஒரே வீட்டில் தங்கச்சொல்கிறார்கள். உன் உயிருக்கு எதுவும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று அவனுக்கு வாக்கும் கொடுக்கிறார்கள். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இக்கதை தொண்டைமண்டலத்தில் பழையனூர் நீலி கதையாக வழங்குவது. திருவாலங்காட்டுப் பதிகத்தில் திருஞானசம்பந்தர் குறிப்பிடும் அளவுக்குப் பழையது.

வேதாள பஞ்சவிம்சதியில் இதற்கு நேரெதிரான ஒரு வழக்கு உண்டு. பருந்து தூக்கிச்சென்ற பாம்பின் வாயிலிருந்து விஷம் சொட்டி, ஒருவருக்குத் தானமாகக் கிடைத்த உணவில் விழுகிறது. உண்டவர் இறக்கிறார். பாவம் பாம்புக்கா, பருந்துக்கா, உணவிட்டவர்களுக்கா? யாருக்குமில்லை, ஆராயாமல் இவர்களில் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்பவனையே அந்தப் பாவம் சேரும் என்கிறான் அரசன். இருபத்தைந்திலும் சிறந்த விடை இதுதான். ஆனால் முப்பந்தல் கதை இதையும் தாண்டிச் செல்கிறது. அந்த எழுபது பேர் ஆராய்ந்தவர்கள். சாட்சி கேட்டவர்கள். எந்த ஊர்ச்சபையும் அந்தச் சாட்சியின்பேரில் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருக்கும். இருந்தும் தவறிவிட்டது. அதற்கு அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கோ குழந்தை கள்ளி என்று முன்னமே தெரியும், இவன் கொலைகாரன் என்றும் தெரியும். நீலியின் பழி நியாயம், பெரியவர்களின் தீர்ப்பும் நியாயம், நடந்தது மட்டும் அநியாயம். இங்கே எந்த அரசனும் வந்து விளக்கம் சொல்வதில்லை. புலவர் நிறுத்துகிற இடத்தில் குடம் அதிர்கிறது, கூட்டத்திலிருந்து சாமியாடி எழுகிறார்.

விக்கிரமனின் விடைகளுக்கு இத்தகைய விலை எதுவும் இல்லை. தவறான விடை சொன்னால் என்னாகும் என்று வேதாளம் சொல்வதேயில்லை, ஏனென்றால் அவன் தவறாகச் சொல்வதேயில்லை. அவன் இழப்பது மௌனத்தை மட்டும். மறுபடி மரமேறினால் போதும்.

மௌனம்

சோமதேவரின் வடிவத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் அரசன் தோற்கிறான். ஒரு தந்தையும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைக் காண்கிறார்கள். பெரிய காலுடையவளைத் தந்தையும் சிறிய காலுடையவளை மகனும் மணப்பது என்று சொல்லிக்கொள்கிறார்கள். நெருங்கிப் பார்த்தால் பெரிய கால் மகளுடையது, சிறிய கால் தாயுடையது. சொன்னபடியே மணந்துகொள்கிறார்கள். இவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? அரசனுக்கு விடை தெரியவில்லை. தெரியாததனால் தலை வெடிக்கவில்லை, பேசாததனால் வேதாளமும் பறக்கவில்லை. அவன் நடந்துகொண்டே இருக்கிறான். அந்த மௌனத்தில் மகிழ்ந்துதான் வேதாளம், பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன துறவி அவனையே பலியிடப்போகிறான் என்ற உண்மையைச் சொல்கிறது. இருபத்துமூன்று சரியான விடைகள் அவனை மரத்துக்கும் சுடுகாட்டுக்குமாக அலைக்கழித்தன. தெரியாமல் நின்ற ஒரு கேள்வி உயிரைக் காப்பாற்றியது.

அடுத்த மாதமும் வெளிவந்தாகவேண்டிய இதழுக்கு இந்த மௌனம் கட்டுப்படியாகாது. அம்புலிமாமாவின் விக்கிரமன் எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவனாகவே நீடித்தான். இதழ் 1998இல் நின்று அடுத்த ஆண்டின் இறுதியில் மீண்டும் வந்தது. 2007இல் மும்பையைச் சேர்ந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பழைய இதழ்கள் மின்வடிவாகி இணையத்தில் ஏறின. சில ஆண்டுகளில் அச்சு நின்றது, பின்னர் அந்த இணையதளமும் மறைந்தது. இன்று கிடைப்பவை அதற்கு முன்னர் வாசகர்கள் சேமித்துவைத்துக்கொண்ட படிகளும், வீட்டுப் பரண்களிலிருந்து இறக்கி அவர்களே படியெடுத்தவையும். பல இதழ்களில் தைத்த இடம் கிழிந்து நடுப்பக்கங்கள் போயிருக்கின்றன. அத்தகைய படிகளில் வேதாளம் கேள்வி கேட்டிருக்கும், விடை இருந்த தாள் இருக்காது.